இரசாயனவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த மலையகப் பிள்ளைகளே, வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

தலவாக்கலையிலிருந்து

போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டாள், "அக்கா, பிஎச்.டிக்கு விண்ணப்பிக்கிறதுன்னா எங்க தொடங்கணும்?" என்று. என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். ஆனால் நம்ம பக்கத்துப் பிள்ளை யார் யாரிடம் போய் நிற்க வேண்டிவரும், என்ன பேச வேண்டிவரும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. நான் என்னுடையதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அரச பல்கலைக்கழகம் ஒன்றில் இரசாயனவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தேன். 2022 கடைசியில் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க ஐந்து இடங்களைக் குறித்து வைத்திருந்தேன். அங்கே இரசாயனவியலில் முதுமாணி இல்லாமலே நேராக பிஎச்.டிக்குப் போகலாம். சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைத் துறையே பார்த்துக்கொள்ளும். முதல் வருட மாணவர்களுக்கு ஆய்வுகூட வகுப்பு எடுத்தால் அதற்குச் சம்பளமும் உண்டு. இதை வீட்டில் நம்பவைக்க ஒரு மாதம் போனது. "படிக்கிறதுக்கு அவங்க காசு குடுப்பாங்களா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

படிக்கக் காசு தருவார்கள், விண்ணப்பிக்க நாம்தான் காசு கட்ட வேண்டும். நான் பார்த்த இடங்களில் ஒன்றுக்கு 75 டொலர். அப்போது டொலர் 360 ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் 27,000 ரூபாய். அம்மாவுக்கு அன்றைக்கு நாள் சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் முழுப் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலையாகப் பதிந்தால். ஒரு விண்ணப்பத்துக்கு 27 நாள் கொழுந்து. நான் அந்தக் கணக்கை வீட்டில் சொல்லவே இல்லை.

வங்கிக்குப் போனேன். அட்டையில் வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப இப்போது வழியில்லை என்றார்கள். திரும்பி நடக்கும்போது கவுண்டரில் இருந்த அண்ணன் கூப்பிட்டு, "தங்கச்சி, அந்த யுனிவர்சிட்டிக்கே எழுதிப் பாருங்களேன். இங்க நிலைமை உலகத்துக்கே தெரியும்தானே" என்றார். அன்றிரவே ஐந்து துறைகளின் பட்டப்பின்படிப்பு அலுவலர்களுக்கும் எழுதினேன். நான் யார், என்ன ஆய்வு செய்தேன், கட்டணம் ஏன் கட்ட முடியவில்லை, கட்டண விலக்கு கிடைக்குமா. அவ்வளவுதான், ஐந்து வரி. மூன்று இடங்கள் விலக்கு தந்தன. ஒன்றுக்கு வெளிநாட்டில் இருக்கும் மாமா கட்டினார். மற்றதை விட்டுவிட்டேன். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜி.ஆர்.இ என்ற நுழைவுப் பரீட்சை விஷயமும் அப்படித்தான்: இப்போது பல இரசாயனவியல் துறைகள் அதைக் கேட்பதில்லை, காசு கட்டுமுன் ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பாருங்கள். பல இடங்களில் விண்ணப்பிக்கும்போது பெறுபேற்றுத் தாளின் ஸ்கேன் பிரதி போதும், மூலப்பிரதி அனுமதி கிடைத்த பிறகுதான்.

அப்புறம் நோக்க அறிக்கை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதிக் கொடுப்பது. முதல் வரைவில் நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் கூரை ஒழுகியது, மண்ணெண்ணெய் விளக்கு, உயர்தரத்தில் ஒன்றரை வருடம் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாதது, எல்லாம் இருந்தது. எல்லாமே உண்மை. என் ஆய்வு மேற்பார்வையாளர் மேடம் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். "இதில் உங்கள் அம்மா தெரிகிறார், அப்பா தெரிகிறார். நீங்கள் ஆய்வுகூடத்தில் என்ன செய்தீர்கள் என்பது எட்டு வரியில் முடிந்துவிட்டது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. சேர்க்கிற குழு, நான் ஆய்வு செய்யக்கூடியவளா என்றுதான் அந்தத் தாளில் பார்க்கிறது. குடும்பக் கதைக்குச் சில பல்கலைக்கழகங்கள் தனியாக இன்னொரு அறிக்கை கேட்கும், அதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

திருப்பி எழுதினேன். அம்மாவுக்கு ஒரு வரி மட்டும் வைத்தேன்: கொழுந்து எடுத்து எடுத்துக் கறுத்துப்போன விரல் நுனிகள். சின்ன வயதில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன், போகாது. இலை கசங்கும்போது வெளிவரும் பொலிபீனோல்கள் என்ற சேர்வைகள் காற்றோடு சேர்ந்து ஒட்சியேறி நிறம் மாறுகின்றன. தொழிற்சாலையில் கொழுந்தை அரைத்துப் பரப்பிவைக்கும்போது நடப்பதும் ஒட்சியேற்றம்தான். இலையில் உள்ள நொதியம் கட்டெச்சின்கள் என்ற பொலிபீனோல்களைத் தேஃபிளேவின், தேரூபிஜின் என்ற நிறப்பொருள்களாக மாற்றுகிறது, பச்சை இலை செம்பு நிறமாகிறது. அந்த ஒரு வரியிலிருந்து நேராக என் ஆய்வுக்குப் போனேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் நேர்முகம் ஜனவரியில், இணையவழியில். அவர்களுக்குக் காலை 10 மணி, நமக்கு இரவு 8.30. எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். பிள்ளை பார்க்கிற அம்மாவிடம் போய்க் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். சேலைத் தொட்டில்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு, சுவரில் இருந்த அ, ஆ அட்டைக்குக் கீழே மேசையைப் போட்டேன். வெளியே பனி. அந்த அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டோர்ச்சோடு கடைசிவரை வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேராசிரியர்கள். என் ஆய்வு, குருத்திலையிலும் முற்றிய இலையிலும் மொத்தப் பொலிபீனோல் அளவை ஃபோலின் முறையில் ஒப்பிடுவது. ஃபோலின் சோதனைப்பொருளும் சோடியம் காபனேற்றும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தால் நீல நிறம் வரும், அதை 765 நனோமீற்றரில் அளப்போம். ஒருவர் கேட்டார், "அந்த நீலம் பொலிபீனோலால் மட்டும் வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. "அந்த முறையில் மட்டும் சொல்ல முடியாது, அஸ்கோபிக் அமிலமும் சில சீனிகளும்கூட அந்தச் சோதனைப்பொருளைத் தாழ்த்தி நீலமாக்கும்" என்றேன். மின்வெட்டில் ஒரு தொகுதி மாதிரியை நேரத்துக்கு அளக்க முடியாமல் போனதையும், பிந்தி அளந்த எண்களை எடுக்காமல் எல்லாவற்றையும் திரும்பச் செய்ததையும் சொன்னேன். "இதை ஏன் அறிக்கையில் எழுதவில்லை?" என்று மற்றவர் கேட்டார். வெட்கமாக இருந்தது, அதனால்தான் விட்டிருந்தேன். இப்போது அமெரிக்காவில் அவருடைய குழுவில்தான் படிக்கிறேன்.

இன்னொன்று. வேறோர் இடம் பெப்ரவரியில் அனுமதி தந்து, இரண்டு வாரத்தில் முடிவு சொல் என்றது. பயந்து உடனே ஒப்புக்கொள்ளப் பார்த்தேன். நிதியுதவியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு என்று அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கூட்டாகக் கையெழுத்திட்ட ஒரு தீர்மானம் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பணிவாக எழுதினேன், அவகாசம் தந்தார்கள்.

பண்டாரவளையிலிருந்து

தங்கச்சி எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். என் பாதை வேறு. நான் மூன்று வருடப் பொதுப் பட்டம். வெளிநாட்டில் நான் பார்த்த இடங்கள் நான்கு வருடப் பட்டம் கேட்டன. தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வேலையை விடவும் முடியாது.

பேராதனையில் இருக்கும் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனத்தில் பகுப்பாய்வு இரசாயனவியல் முதுமாணிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில், "இவ்வளவு தூரத்திலிருந்து வார இறுதி வகுப்புக்கு எப்படி வருவீர்கள்?" என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் எந்த பஸ், எங்கே மாறுவது, கண்டியில் எந்த நண்பன் அறையில் தங்குவது, ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து நீட்டினேன். வாசித்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

என்னை வதைத்தது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். சட்டத்தரணியிடம் சத்தியக் கடதாசி முடித்து எடுக்க மூன்று வாரம். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

ஹட்டனிலிருந்து, இப்போது ஜப்பானில்

நான் முப்பதுக்கு மேற்பட்ட பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். பெயரை மட்டும் மாற்றினேன். ஒருவர்தான் பதில் போட்டார், அதுவும் ஒரே வரி: "என்னுடைய எந்த ஆய்வு உங்களுக்குப் பிடித்தது, ஏன்?" அவருடைய கட்டுரை எதையும் நான் திறந்தே பார்த்ததில்லை. ஒரு வாரம் எடுத்து இரண்டு கட்டுரைகளை வாசித்தேன். வினையூக்கி பற்றிய ஒன்றில் எனக்குப் புரியாத இடத்தையே கேள்வியாக எழுதி அனுப்பினேன். அதற்கு ஒரு பக்கம் பதில் வந்தது. அவரே பிறகு என் ஆய்வுத் திட்டத்தைப் பார்த்துத் திருத்தமும் சொன்னார்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வழியாகவும் போகலாம், பல்கலைக்கழகம் வழியாகவும் போகலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை, விமானச் சீட்டும் தருவார்கள். தூதரக வழியில் ஆங்கிலமும் ஜப்பான் மொழியும் எழுத்துப் பரீட்சை உண்டு. ஜப்பான் மொழி சுத்தமாகத் தெரியாமல்தான் எழுதினேன். பெயரை மட்டும் கட்டகானா என்ற ஜப்பான் எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டு போனேன்.

மஸ்கெலியாவிலிருந்து

அக்கா, எனக்கு இரண்டு பரிந்துரைக் கடிதம் சரி. மூன்றாவதுக்கு ஒரு சேரிடம் கேட்டேன், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். எழுதலாமா? தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தேன். அங்கே என்னைப் பார்த்துக்கொண்டவரிடம் கேட்கலாமா?

தலவாக்கலையிலிருந்து

எழுதாதே தங்கச்சி. நீயே எழுதினால் மூன்று கடிதமும் உன் அறிக்கையும் ஒரே குரலில் இருக்கும், வாசிக்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும். என்னிடமும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். நான் கடிதம் எழுதவில்லை. அவருடைய பாடத்தில் செய்த பரிசோதனைகள், எடுத்த புள்ளி, அவரிடம் போய்க் கேட்ட ஒரு சந்தேகம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் குறிப்பாகக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் அவருக்கு என் முகமே ஞாபகம் வந்தது, பிறகு அவரே எழுதினார்.

பயிற்சி தந்தவரிடம் தாராளமாகக் கேள். மூன்று மாதம் நீ அளவியைப் பிடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். நேரில் போ, உன் ஆய்வுகூடக் கொப்பியையும் கொண்டுபோ. கடைசித் திகதிகளைப் பெரிதாக எழுதிக் கொடு. நிறைய இடங்களுக்கு டிசம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிடும், அதனால் ஒக்டோபரில் கேட்டுவிடு. அவருடைய அலுவலக மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிக்கொள், கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு அதற்குத்தான் போகும். வரைவு எழுதியதும் எனக்கு அனுப்பு. இங்கே சனிக்கிழமை இரவுகளில் எனக்கு நேரம் இருக்கும், பென்சிலோடு வாசிக்கிறேன்.