பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுப் பிள்ளைங்க (குழு)

செல்வி: மாசக் கடைசியில வீட்டுச் சாவியக் குடுக்கணும். இந்தச் சனிய விட்டா வேற நாள் இல்ல. பாட்டி வச்ச மாதிரியே காலையில எண்ணெய்க் குளியல், அப்புறம் தோசை. யாரெல்லாம் வரீங்க?

ரவி: நான் வரேன். கோலாலம்பூர்லேர்ந்து வெள்ளி ராத்திரியே கிளம்பிடுவேன்

லதா அண்ணி: நாங்க 5 பேர்

குமார் அண்ணன்: சனி ஆம்பளைங்களுக்குத்தான? பொம்பளைங்களுக்கு வெள்ளி

செல்வி: வெள்ளி வேலை நாள் அண்ணே 🙏

மீனா அத்தை: வரட்டும், ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளைக்கு வேணாம். 10 பேருக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர் போதும். 6 மிளகு, அரை டீஸ்பூன் சீரகம் போட்டுச் சிறுதீயில வைங்க. மிளகு பொரிஞ்ச உடனே இறக்கிடணும். புகைய விட்டா கருகல் வாடை தலையிலேயே நிக்கும். கை பொறுக்கிற சூட்டுல உச்சியில வச்சு, காது, தொப்புள், உள்ளங்கால்னு தேய்ங்க. அரை மணி நேரம் ஊறினா போதும்.

ரவி: 👍

மீனா அத்தை: சீயக்காய் தலைக்கு 2 மேசைக்கரண்டி. பச்சத் தண்ணியில கரைக்காதீங்க, தூள் முடியில ஒட்டிக்கிட்டு நாலு நாளைக்கு உதிரும். வடிச்ச கஞ்சியில கரைச்சு 10 நிமிஷம் வைங்க, கொழகொழன்னு வரும். நல்லாச் சலிச்ச தூளா லெபோ பசார் தெருப் பக்கம் வாங்கிக்குங்க. பிள்ளைங்க தலையப் பின்னால சாய்க்கணும், குனிஞ்சா கண்ணுல இறங்கிடும்.

குமார் அண்ணன்: சுடுதண்ணிக்கு ஹீட்டர் இருக்குல்ல

மீனா அத்தை: ஷவர் தண்ணி நூல் நூலா விழும், எண்ணெய் போகாது. சொம்பால மொண்டு ஊத்தணும். வாளியில பச்சத் தண்ணிய முதல்ல ஊத்திட்டு அப்புறம் சுடுதண்ணி. மாத்தி ஊத்தினா, பிள்ளைங்க கைய விட்டு வெந்துடும்.

சின்ன மாமா: பாட்டியோட அண்டா எங்க?

சுமதி சித்தி: எங்க வீட்டுல. அம்மா என் கையிலதான் குடுத்தாங்க.

சின்ன மாமா: எங்கன்னுதான் கேட்டேன்

செல்வி: சித்தி கொண்டு வந்துடுங்க, பின்கட்டு செங்கல் அடுப்பு அப்படியேதான் இருக்கு

ரவி: பிள்ளைங்களக் காரோட ஃபெரியில ஏத்தலாம்னு பாக்கிறேன். நம்ம பழைய ஞாயித்துக்கிழமை மாதிரி

குமார் அண்ணன்: 2021-லேர்ந்து கார் ஏத்துறதில்ல. மோட்டார்சைக்கிள், சைக்கிள், ஆளுங்க மட்டும்தான்

ரவி: அப்ப அக்கரையில பட்டர்வர்த்துல காரப் போட்டுட்டு ஏறிக்கிறோம்

லதா அண்ணி: தோசைக்கல்லத் தூக்கிக்கிட்டா?

ரவி: 😂 கல்லு உங்க கார்ல அண்ணி, பாலத்துல வரட்டும்

மீனா அத்தை: குளியலறையில சாக்கு விரிங்க, எண்ணெய்த் தரை வழுக்கும். கடைசி ஆள் குளிச்சதும் மிச்ச சீயக்காயத் தூவித் தரையத் தேய்ச்சுடுங்க. சாக்கடை வாயில வலை வைங்க, எண்ணெயும் தூளும் சேந்தா களி மாதிரி அடைச்சுக்கும். ஊறுற வரைக்கும் உக்கார பழைய பேப்பர்.

சின்ன மாமா: அப்பல்லாம் ஞாயிறு தமிழ் நேசன் பேப்பர்தான் விரிப்பு. அதுவும் 2019-ல நின்னுபோச்சு

லதா அண்ணி: என் மாமியார் நேசன மிதிக்கவே விட மாட்டாங்க

செல்வி: மாவு??

மீனா அத்தை: புழுங்கலரிசி 8 கப், உளுந்து 2, வெந்தயம் 2 டீஸ்பூன். வெள்ளி மத்தியானம் ஊறப்போட்டு ராத்திரி 9-க்குள்ள அரைச்சுடணும். உளுந்து மாவு ஒரு சொட்டு தண்ணியில மிதந்தா பதம். நம்ம ஊர்ச் சூட்டுக்கு 8 மணி நேரத்துல பொங்கிடும், பாதிப் பாத்திரத்துக்கு மேல ஊத்தாதீங்க. ஏர்கான் ரூம் வேணாம்.

லதா அண்ணி: எங்க கிரைண்டர் ஓடல

குமார் அண்ணன்: மிக்ஸி?

மீனா அத்தை: சூடேறிடும். ஐஸ் தண்ணி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா அரைக்கணும்.

சுமதி சித்தி: அண்டாவப் புளி போட்டுத் தேய்க்கணும், கறுத்துக் கிடக்கு. ஒத்த ஆளாத் தூக்க முடியாது. விளிம்புல நசுங்கின எடம் அப்படியே இருக்கு, அந்தப் பக்கம் பிடிச்சா கையக் கிழிச்சிடும்

சின்ன மாமா: தெரியும். வெள்ளி சாயங்காலம் வரேன். புளி இருக்கா?

சுமதி சித்தி: இருக்கு

செல்வி: அப்ப மாவு யாரு?