நினைவில் எழுதியதா, அன்றன்றே எழுதியதா?

பெரம்பூர் வாசகி:
கதை அல்லாத புத்தகங்களில் எது பிடிக்கும் என்று யார் கேட்டாலும் தமிழ்த் தாத்தா உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' என்றுதான் சொல்வேன். ஒரு காட்சிக்காகவே அதை நாலு முறை படித்திருக்கிறேன். 1880இல் கும்பகோணத்தில் நீதிபதியாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எல்லாவற்றையும் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அப்புறம் ஏட்டைப் பிரித்தால் பொருள் பிடிபடவில்லை. அது சமணக் காப்பியம் என்பதால் சமணர் வீடு தேடிப் போகிறார். வாசலில் தோரணம். என்ன விசேஷம் என்றால், சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்களாம். இவர் தவித்துக்கொண்டிருந்த நூலை அதே ஊரில் ஒரு வீட்டில் விழா எடுத்துப் படித்திருக்கிறார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கடற்கரை ரயில்:
காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் அதை விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல். அறுபது வருஷம் கழித்து! அவ்வளவு காலம் மனசில் உருட்டிய கல் வழவழப்பாகத்தான் இருக்கும். எனக்குச் சொரசொரப்பு வேண்டும். அதனால் என் ஓட்டு, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கு. 1736லிருந்து 1761 வரை எழுதியிருக்கிறார். நாளைக்கு என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாது. கப்பல் வந்தால் எத்தனை மரியாதைக் குண்டு போட்டார்கள், யார் யாரிடம் என்ன கோள் சொன்னார்கள், எல்லாம் பேச்சுத் தமிழில் இருக்கும். இன்னொன்று: அவர் பிறந்தது உங்கள் பெரம்பூரில்தான்.

பெரம்பூர் வாசகி:
இங்கேயே வளர்ந்த எனக்கு அது தெரியாது! சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் 'வழவழப்பு' என்பதை ஏற்க மாட்டேன். தாத்தா தமக்கு வந்த கடிதங்களையெல்லாம் பத்திரப்படுத்தியவர். இன்றும் பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று 85 வயதில், அவ்வளவு பெயர் வாங்கிய பிறகு எழுதுகிறாரே, அதைவிட நேர்மை என்ன வேண்டும்?

மயிலாப்பூர் மாடிவீடு:
இரண்டுமே தலையணை சைஸ். வேலைக்குப் போகிறவர்கள் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழக'த்தில் ஆரம்பிக்கலாம். உப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்த பிறகு அஞ்சறைப்பெட்டியையே வேறு கண்ணால் பார்த்தேன்.

கடற்கரை ரயில்:
தொ.ப. எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் கேட்பது வேறு. அக்கா, 1748ஐப் படியுங்கள். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிற நேரம். வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கிறார்கள். இடிக்கச் சொன்னது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் அரசு. பிள்ளையோ அவருடைய துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர். ஊர்ப் பெரியவர்கள் இவரிடம்தான் வருகிறார்கள். இவரால் நிறுத்த முடியவில்லை. அன்றைய பக்கத்தை எழுதிவிட்டு, மறுநாளும் அதே துரையிடம்தான் போய் நிற்க வேண்டும். தாம்பரத்தில் ஏறி அதைப் படிக்க ஆரம்பித்தேன், எழும்பூரில் இறங்க மறந்துபோனேன். வயதான பிறகு எழுதியிருந்தால் தன்னை நியாயப்படுத்தி இரண்டு வரி சேர்த்திருப்பார். இங்கே அந்த இரண்டு வரி கிடையாது.

பெரம்பூர் வாசகி:
நாட்குறிப்பு எழுதுகிறவரும் எதை எழுதுவது, எதை விடுவது என்று அன்று ராத்திரியே முடிவு செய்கிறவர்தானே தம்பி? யாரும் பார்க்கக்கூடும் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்காதா? ஆனாலும் நீங்கள் சொன்ன அந்தப் பக்கம் இப்போதே வேண்டும் போலிருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் நம் சென்னையையே பிடித்தார்களே, அதுவும் இருக்குமா?

கடற்கரை ரயில்:
இருக்கிறது. கோட்டை விழுந்த சேதி புதுச்சேரிக்கு வரும் இடத்தை அவசரமில்லாமல் படியுங்கள். சனிக்கிழமை கன்னிமாரா நூலகத்தில் தொகுதிகளைத் தேடி எடுத்து வைக்கிறேன். நீங்கள் அந்தத் தோரணம் வருகிற அத்தியாயத்தைக் குறித்துக் கொண்டு வாருங்கள். நினைவைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.