விண்டோஸ் 11 ஏறுமா? செவ்வாய்பேட்டையில் ஒரு அசெம்பிள் பிசி, ஏற்காட்டில் ஒரு டெல்

செவ்வாய்பேட்டை_மண்டி:

வணக்கம். இரண்டு கம்ப்யூட்டர் பற்றிய சந்தேகம். இரண்டிலும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் சப்போர்ட் முடிந்துவிட்டதால் 11-க்கு மாறப் பார்க்கிறோம்.

1) கடை பிசி, அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3-8100, ஆசுஸ் எச்310 போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். சி, டி, இ என்று மூன்று டிரைவ். டேலி பிரைம், ஜிஎஸ்டிக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கன், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இதில்தான். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' போட்டால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) இரண்டுக்கும் சிவப்புக் குறி காட்டுகிறது.

2) ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தோட்ட ஆபீஸ். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050, ஐ5-7500, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி. காபி, மிளகு எடைக்கணக்கு எக்செலில். கடை பிசியைவிட நல்ல வேகம்.

பார்த்த சர்வீஸ்காரர், "கடை பிசிக்கு போர்டு, பிராசஸர் ரெண்டும் மாத்தணும், டெல் அப்படியே ஏறும்" என்கிறார். செலவு செய்வதற்கு முன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_சிப்லெவல்:

நீங்க கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால் நேர் எதிர்ங்க. கடை பிசி முறைப்படி ஏறும், ஒரு பொருளும் மாற்ற வேண்டாம். டெல்தான் ஏறாது.

எப்போதும் முதலில் பிராசஸரைப் பாருங்க. மற்றதெல்லாம் அப்புறம். இன்டெல்லில் 8-ம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல்தான் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் சேர்த்திருக்கிறது (விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு, உங்களுக்குத் தேவைப்படாது). ஐ3 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் 8100-ல் முதல் இலக்கம் 8. அதனால் 8-ம் தலைமுறை. ஐ5-7500-ல் 7. ஐ5 என்பதால் ஐ3-ஐவிட வேகமாக இருக்கலாம், ஆனால் இங்கே வேகம் கணக்கில் வராது.

டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் உங்கள் போர்டில் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்தான். எச்310 போர்டில் தனி டிபிஎம் சிப் இல்லாவிட்டாலும் இன்டெல் பிடிடி என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. வரும்போது அணைத்தே வரும். ஹெல்த் செக்குக்கு அணைந்திருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் பலபேர் போர்டை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க:

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ஆங்கில எழுத்தில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்து என்டர். அதில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் லெகசி (பழைய பூட் முறை) என்றிருக்கிறதா, யூஇஎஃப்ஐ (புது முறை) என்றா? அதே இடத்தில் 'சிஸ்டம் டைப்' எக்ஸ்64 தானா?

அடுத்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, டி, இ இரண்டுக்கும் மேலே இருக்கும் பட்டை என்ன நிறம்? அவற்றைச் சுற்றிப் பச்சைக் கட்டம் இருக்கிறதா?

செவ்வாய்பேட்டை_மண்டி:

பயாஸ் மோட்: லெகசி. சிஸ்டம் டைப்: எக்ஸ்64. சி கரு நீலம். டி, இ வெளிர் நீலம், இரண்டையும் சேர்த்துப் பச்சைக் கட்டம்.

அஸ்தம்பட்டி_சிப்லெவல்:

எதிர்பார்த்ததுதான். நம்ம ஊரில் அசெம்பிள் செய்யும்போது லெகசியில் விண்டோஸ் போட்டு டிஸ்கைப் பிரித்தால் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். பச்சைக் கட்டம் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன், உள்ளே வெளிர் நீலம் லாஜிக்கல். இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

செக்யூர் பூட் வேண்டுமென்றால் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆக வேண்டும். அதற்கு டிஸ்க் ஜிபிடி (பார்ட்டிஷன் விவரத்தைக் குறித்து வைக்கும் புது முறை) வகையாக இருக்க வேண்டும். உங்களுடையது எம்பிஆர் (பழைய முறை). டேட்டா அழியாமல் மாற்ற விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அது அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால்தான் வேலை செய்யும், எக்ஸ்டெண்டட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உங்கள் டிஸ்கில் சோதனையிலேயே 'டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்டு' என்று நின்றுவிடும். பயப்பட ஒன்றுமில்லை, அந்த நிலையில் அது எதையும் தொட்டிருக்காது.

வழி இரண்டு.

முதல் வழி: டி, இ இரண்டிலும் உள்ளதை வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, ஒவ்வொரு ஃபைலும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு லாஜிக்கலையும் அழித்து, மிஞ்சும் பச்சைக் கட்டத்தையும் அழிக்க வேண்டும். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து: எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலௌஃபுல்ஓஎஸ். அது சரியென்றால் வேலிடேட் இருந்த இடத்தில் கன்வெர்ட் என்று மாற்றி மறுபடி. எல்லாம் ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன் ஓர் இடைவெளி. முடிந்ததும் பயாஸில் யூஇஎஃப்ஐ ஆக்க வேண்டும்.

இரண்டாவது வழி, நான் சொல்வது இதைத்தான்: 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியில் புதிதாக 11 போடுங்க. பழைய டிஸ்க் தொடாமல் அப்படியே இருக்கும், ஏதாவது சிக்கல் என்றால் கேபிளை மாற்றி, பயாஸில் சிஎஸ்எம்மை (லெகசி முறையில் பூட் ஆக விடும் செட்டிங்) திரும்ப எனேபிள் செய்தால் அன்றைக்கே பில் போடலாம். விண்டோஸ் 11-ஐ ஹார்ட் டிஸ்கில் ஓட்ட முடியும் என்பது உண்மை, ஆனால் காலையில் ஆன் செய்துவிட்டு டேலி திறக்கக் காத்திருப்பது கடையில் தாங்காது. போர்டு மாற்ற வைத்திருந்த பணத்தில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும்.

போர்டை மாற்றினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. விண்டோஸின் டிஜிட்டல் லைசன்ஸ் போர்டோடு ஒட்டியது. அதே போர்டு இருந்தால் 10-ன் லைசன்ஸிலேயே 11 தானாக ஆக்டிவேட் ஆகும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்று வருகிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்க.

ஐந்துரோடு_டேலி:

அண்ணன் சொன்ன இரண்டாவது வழியில் போனால் டேலி விஷயத்தை மறக்காதீங்க. புது விண்டோஸ் போடுவதற்கு முன், பழையதில் எஃப்1 ஹெல்ப் வழியாக லைசன்ஸ் பகுதிக்குப் போய் சரண்டர் செய்துவிடுங்க. புதியதில் அதே சீரியல் எண்ணை ஆக்டிவேட் செய்தால் போதும். சரண்டர் செய்யாமல் டிஸ்கை மாற்றினால் லைசன்ஸ் பழைய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும், விடுவிக்க அலைய வேண்டும். கம்பெனி பேக்கப்பை டேலிக்குள்ளிருந்தே எடுங்க, டேட்டா ஃபோல்டரையும் தனியாக ஒரு பென்டிரைவில் காப்பி வையுங்க.

டிஎஸ்சி டோக்கனுக்கு அந்தக் கம்பெனியின் டிரைவரைப் புதிதாகப் போட வேண்டும், ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட உதவும் எம்சைனர் மென்பொருளும் அப்படியே. ரிட்டர்ன் கடைசி நாளுக்கு முந்தின வாரம் இந்த வேலையைத் தொடாதீங்க.

பிரிண்டர் யூஎஸ்பியா, பழைய பேரலல் கேபிளா? பில் போட டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ புரோகிராம் ஏதாவது இருக்கிறதா? 11-ல் 64 பிட் மட்டும்தான், 16 பிட் புரோகிராம் அதில் திறக்கவே திறக்காது. லீ பஜார் பக்கம் மண்டிகளில் இன்னும் அதை வைத்திருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

செவ்வாய்பேட்டை_மண்டி:

பிரிண்டர் யூஎஸ்பி. டாஸ் புரோகிராம் இல்லை, டேலி மட்டும். எஸ்எஸ்டி வழியிலேயே போகிறோம். பயாஸில் என்னென்ன மாற்ற வேண்டும், எந்த வரிசையில்?

அஸ்தம்பட்டி_சிப்லெவல்:

முதலில் சேலத்திலேயே, நல்ல நெட் உள்ள இடத்தில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்க. ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் ஃபைல்கள் எல்லாம் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, அதிலுள்ள ஃபைலை ஃபேட்32 பென்டிரைவில் சும்மா காப்பி அடிக்காதீங்க. அதில் இன்ஸ்டால் ஃபைல் ஒன்று 4 ஜிபியைத் தாண்டுகிறது, ஃபேட்32 அதை வாங்காது.

பிறகு பிசியை ஆன் செய்ததும் டெலீட் விசை. எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்டு மோட்.

அட்வான்ஸ்டு → பிசிஎச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன் → பிடிடி: எனேபிள். ஓர் எச்சரிக்கை வரும், ஓகே.

பூட் → சிஎஸ்எம் → லாஞ்ச் சிஎஸ்எம்: டிஸேபிள்.

பூட் → செக்யூர் பூட் → ஓஎஸ் டைப்: விண்டோஸ் யூஇஎஃப்ஐ மோட். கீ மேனேஜ்மென்டில் டிஃபால்ட் கீகளை நிறுவச் சொல்லும் வரி இருக்கும், 'செக்யூர் பூட் ஸ்டேட்' டிஸேபிள்டு என்றே காட்டினால் அதைத் தேர்ந்தெடுங்க.

எஃப்10, சேவ்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் ஸ்கிரீனே வராமல் போகலாம். பழைய கார்டுகள் சிலவற்றில் யூஇஎஃப்ஐக்கான ஃபர்ம்வேர் இருக்காது. அப்படியானால் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளைப் போர்டிலேயே குத்துங்க, ஐ3-8100-க்கு உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு.

இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் எதுவும் இல்லாமல் 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' என்று மட்டும் இருக்கட்டும். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுத்தால் ஜிபிடியாக அதுவே பிரித்துக்கொள்ளும். நீங்களாகப் பிரிக்க வேண்டாம். முடிந்தபின் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று ரன்னில் அடித்தால் 'ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0' என்று வர வேண்டும்.

புது விண்டோஸ் முழுதாக எழுந்து, டேலி ஆக்டிவேட் ஆன பிறகுதான் பழைய டிஸ்கின் கேபிளைத் திரும்ப மாட்டணும். இன்ஸ்டால் செய்யும்போது இரண்டும் மாட்டியிருந்தால் தவறான டிஸ்கைத் தேர்ந்து அழித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

மேகமலை_ஏற்காடு:

டெல் பற்றி யாரும் சொல்லவில்லையே. 3050-ல் ஹெல்த் செக் போட்டால் டிபிஎம், செக்யூர் பூட் எல்லாம் பச்சையாக வந்தாலும் பிராசஸர் மட்டும் சிவப்பு காட்டும். ஐ5-8500 வாங்கிப் போட்டால் ஏறுமே என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. சாக்கெட் 1151 என்று பெயர் ஒன்றுதான், உட்காரவும் செய்யும். ஆனால் 3050-ன் போர்டு 200 வரிசை சிப்செட், 8-ம் தலைமுறைக்கு 300 வரிசை வேண்டும். பூட் ஆகாது.

எனவே மூன்று வழி. விண்டோஸ் 10 22எச்2-வில் இஎஸ்யூ திட்டத்தில் சேர்ந்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு இருக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அது வெறும் அவகாசம்தான்.

ரெஜிஸ்ட்ரியில் மாற்றம் செய்தோ ரூஃபஸ் (பூட் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) வைத்தோ தடையைத் தாண்டி 11 போடலாம். ஓடும். ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தராது, வருடாந்திரப் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டும். சேலத்திலிருந்து ஆள் மலை ஏறி வந்து செய்கிற இடத்துக்கு இது சரிப்படாது.

எடைக்கணக்கும் பிரவுசரும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் 22 (விண்டோஸுக்குப் பதிலான இலவச ஓஎஸ்) போடுங்க. 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபி தாராளம். ஐஎஸ்ஓவைக் கீழே சேலத்திலேயே இறக்கி பென்டிரைவில் எழுதி எடுத்துப் போங்க, நாகலூரில் செல் சிக்னலை நம்பி இறக்க முடியாது. ஆன் செய்ததும் எஃப்12 தட்டி பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமலே பிரிண்டர், நெட், எக்செல் ஃபைல் மூன்றையும் சோதித்துவிடுங்க. மேக்ரோ போட்ட எக்செல் ஷீட் இருந்தால் மின்ட்டில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரேஆபீஸில் பெரும்பாலும் தடுமாறும், அதை முதலில் திறந்து பாருங்க. கூட்டல், வடிகட்டல் மட்டும் உள்ள ஷீட்டுக்குப் பிரச்சனை இல்லை.

இன்ஸ்டால் பக்கத்தில் எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் பயாஸில் 'சாட்டா ஆபரேஷன்' ரெய்டு ஆன் என்றிருக்கும். ஏஎச்சிஐக்கு மாற்றினால் தெரியும். மாற்றியபின் பழைய விண்டோஸ் பூட் ஆகாது, அதனால் மின்ட் மட்டும் போதும் என்று முடிவெடுத்த பிறகு மாற்றுங்க.

இன்னொன்று. ஆன் செய்யும்போது 'டைம் ஆஃப் டே நாட் செட்' என்று வருகிறதா? இடி மின்னலுக்குப் பயந்து தோட்டங்களில் மெயினையே அணைத்து வைப்பது வழக்கம். மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் போர்டின் சிஆர்2032 பேட்டரிதான் செட்டிங்கைத் தாங்குகிறது, சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி பின்னால் போனால் எந்த இணையதளமும் சான்றிதழ் பிழை காட்டும், அப்டேட்டும் நிற்கும். மல்டிமீட்டரில் 3 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், 2.8-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்க.

அஸ்தம்பட்டி_சிப்லெவல்:

அந்தப் பேட்டரி விஷயம் கடை பிசிக்கும் பொருந்தும்ங்க. பேட்டரி தீர்ந்து பயாஸ் டிஃபால்ட்டுக்குப் போனால் பிடிடி மறுபடி அணைந்துவிடலாம். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அப்போது ரெகவரி கீ கேட்கும். அந்த 48 இலக்க எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கல்லாவில் வையுங்க. எஸ்எஸ்டி மாட்டுகிற அன்றைக்கே பேட்டரியையும் புதிதாக மாற்றிவிடுங்க.

ஓமலூர்_பழையபிசி:

இடையில் கேட்கிறேன். கோர் 2 டுவோ இ7500, 4 ஜிபி. தடையைத் தாண்டும் முறையில் 11 ஏறுமா?

மேகமலை_ஏற்காடு:

ஏறாது. 24எச்2 பதிப்பிலிருந்து பிராசஸரில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற உள்கட்டளைகள் கட்டாயம். கோர் 2 டுவோவில் இரண்டும் இல்லை, எந்த முறையில் போட்டாலும் பூட் ஆகாது. மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு போடுங்க, கூடவே எஸ்எஸ்டி.

செவ்வாய்பேட்டை_மண்டி:

எல்லோருக்கும் நன்றி. கடை பிசி முடிந்தது: டேலி சரண்டர், எஸ்எஸ்டி, பயாஸ், 11 என்ற வரிசையில். ஆக்டிவேஷன் தானாக வந்தது, டிபிஎம் 2.0 காட்டுகிறது. டெல்லில் மின்ட் பென்டிரைவில் ஓட்டிப் பார்த்ததில் பிரிண்டர், எக்செல் சரி. தமிழில் அடித்த பழைய கடிதங்கள் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன.

மேகமலை_ஏற்காடு:

அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. டெல்லின் விண்டோஸை அழிப்பதற்கு முன் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து அந்த டிடிஎஃப் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்க. மின்ட்டில் அதை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் கடிதங்கள் சரியாகத் தெரியும். புதிதாக அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்க. கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99 சேர்க்கலாம், அதற்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு பேக்கேஜ் போட்டிருக்க வேண்டும்.