கடற்கரை வீட்டில் கேமிங் சிஸ்டம்: உங்களுக்கு என்னென்ன மக்கர் செய்தது?

பாம்பனிலிருந்து:

நான் சிஸ்டம் கட்டியது 2022 ஆகஸ்டில். கச்சான் காற்று வாரி அடிக்கும் மாதம். வீட்டுச் சன்னலைத் திறந்தால் கடல். காற்றோட்டம் இருந்தால் சூடாகாது என்று அந்தச் சன்னலுக்குக் கீழேயே மேசையைப் போட்டேன். இந்த முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. கார்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், போர்டு மதுரையில், மீதி ஆன்லைனில். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே என்று எல்லோரும் சொன்னதால் 550 வாட்டில் நல்லதாகவே எடுத்தேன். கார்டு 132 வாட், பிராசசர் 65 வாட். அதனால் 550 தாராளம். மிச்சம் பிடித்தது கேபினட்டில். மெல்லிய தகரம், முன்னால் கண்ணாடி, கலர் கலராக நாலு ஃபேன். பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

முதல் நாள் ராத்திரி ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, டிஸ்ப்ளே வரவில்லை. இரண்டு நாள் ராமைக் கழற்றி மாட்டினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், சர்வீஸ் அண்ணன் போர்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். பி450 வந்தது 2018இல், இந்த பிராசசர் வந்தது 2022இல். கடையில் ரொம்ப நாள் கிடந்த போர்டு அது. உள்ளே இருந்த பயாஸுக்கு, அதாவது போர்டை எழுப்பும் மென்பொருளுக்கு, இப்படி ஒரு பிராசசர் பிறந்ததே தெரியாது. பழைய ரைசன் ஒன்றை மாட்டி, பயாஸை அப்டேட் செய்து, என்னுடையதைத் திரும்ப மாட்டினார். வேலை அரை மணி நேரம்கூட இல்லை. பழைய போர்டு வாங்குகிறவர்கள், பெட்டி மேல் 'ரைசன் 5000 ரெடி' ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். நிஜத் தொல்லை நவம்பரில், வாடை கிளம்பிய பிறகு வந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் எழாது. நாலாவது தடவை எழும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். இருப்பதிலேயே விலை அதிகமானது கார்டு என்பதால் சந்தேகமும் அதன் மேல்தான் விழுந்தது. டிரைவர் மாற்றினேன், விண்டோஸை அழித்துப் போட்டேன், கடைசியில் கார்டை வாரண்டிக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு போட்டோ. கார்டின் ஓரத் தகட்டில் இருந்த துருவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'துரு இருப்பதால் வாரண்டி செல்லாது' என்று எழுதியிருந்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது என் குற்றமாம்.

என் மாமா விசைப்படகுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்தவர், மேசையில் கிடந்த ராமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல களிம்பு ஏறியிருக்கு மருமகனே. படகு பேட்டரி டெர்மினல்ல ஏறுமே, அதேதான். கரண்ட் எப்படிப் போகும்?" என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மனுசன். நான் ஒரு மாதமாகத் தேடியதை ஒரு நிமிடத்தில் பிடித்தார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உப்புத் தூசி காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் சொட்ட வேண்டியதே இல்லை. ராமின் காலில், அதாவது போர்டில் செருகும் ஓரத்தில், இருக்கும் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு. அதிலிருக்கும் நுண்ணிய ஓட்டை வழியாக ஈரம் இறங்கினால் அடியிலுள்ள செம்பு பச்சை கட்டும். வாடைக் காலத்துக் காலையில் ஈரம் கூடுதல், அதனால் எழாது. நாலு தடவை தட்டினால் கொஞ்சம் சூடேறி எழும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். மேசையை உள்சுவருக்கு மாற்றினேன். கேபினட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன், ஏனென்றால் தகரம் வெட்டின ஓரங்களில் பெயிண்டே இல்லை, மூன்று மாதத்தில் துரு உதிர்ந்து ஃபேனில் கிடந்தது. போர்டைத் தாங்கும் ஸ்க்ரூ இரண்டு திருகவே வரவில்லை. காலையில் எழாத பிரச்சினை அதோடு போனது. ரீஸ்டார்ட் மட்டும் எப்போதாவது வருகிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

என் கதை கேவலமானது. காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) துபாயிலிருந்து வரும்போது கார்டைத் துணிக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தார். மாட்டினேன், டிஸ்ப்ளே இல்லை. பெட்டியில் நசுங்கி உடைந்துவிட்டது என்று காக்காவிடம் சண்டையே போட்டுவிட்டேன். வாப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கீழே இதே மாதிரி ஓட்டை ஒண்ணு சும்மாக் கிடக்கே, அதுல குத்துனா என்ன?" என்றார். எச்டிஎம்ஐ கம்பியைப் போர்டில் குத்தியிருக்கிறேன். எனக்கும் அதே 5600தான், அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஜி போட்ட 5600ஜியில்தான் உண்டு. காக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக உம்மா வட்டிலப்பம் செய்து கொடுத்துச் சரிக்கட்டினார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். விலை மிச்சம்தான், ஆனால் எனக்கு வாரண்டி வாங்கின நாட்டில்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். பழுதானால் அடுத்த தடவை யார் பயணம் போகிறார்கள் என்று தெருவில் விசாரிக்க வேண்டியதுதான். பில்லை எறிந்துவிடாதீர்கள்.

ராமநாதபுரத்திலிருந்து:

சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாம்பன் தம்பிக்கு ஒரு கேள்வி. கேபினட்டின் தகரத்தில் வெறுங்கை பட்டால் சுரீர் என்று ஒரு கூச்சம் தெரிகிறதா? தெரிந்தால் வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் உண்டு. கரண்ட் வரும் பேஸ் கம்பியிலிருந்து ஒன்று, நியூட்ரல் கம்பியிலிருந்து ஒன்று, இரண்டும் வெளித் தகரத்தில் சேரும். எர்த் இருந்தால் அதில் வருவது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகரம் 230இல் பாதி, நூறு நூற்றுப் பதினைந்து வோல்ட்டில் சும்மா மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கூசுவதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுதாகி நேராகவே பேஸ் தகரத்தில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கரையோரத்திலிருந்து வரும் சிஸ்டங்களில் எர்த் சரியாக உள்ள வீட்டை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். 'மண்ணில் உப்புத் தண்ணி இருக்கே, எர்த் நல்லாத்தானே இருக்கும்' என்பார்கள். மண் நல்லதுதான். அதே உப்புத்தான் குழிக்குள் இருக்கும் இரும்புப் பைப்பைத் தின்றுவிடுகிறது. பத்து வருடத்துக்கு முன் போட்ட குழியைத் தோண்டினால் கம்பி ஒரு பக்கம், பைப் ஒரு பக்கம் கிடக்கும்.

ரீஸ்டார்ட்டுக்கு இன்னொரு காரணம் இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த இமைப்பொழுது பாருங்கள், அதைத் தாங்கத்தான் எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கிறது. முழு லோடில் பதினைந்து இருபது மில்லிசெகண்ட் தாங்கினால் பெரிது. நிறைய வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: நார்மல், யூபிஎஸ். நார்மலில் வைத்திருந்தால் மாறுவதற்கு நேரம் எடுக்கும், சிஸ்டம் விழும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்தான் அதிகம் முரண்டு பிடிக்கும். அதற்கு வேறு வழியில்லை, சைன் வேவ் வாங்க வேண்டும்.

ராமை அழிரப்பரால் தேய்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்களும் கடையில் செய்வோம், இல்லை என்று சொல்லவில்லை. மாதா மாதம் செய்தால் தங்கம் போய்ச் செம்புதான் மிஞ்சும். தம்பி ஆல்கஹாலில் துடைத்ததுதான் சரி.

தொண்டியிலிருந்து:

அண்ணே, உப்புக்குப் பயந்து நான் சிஸ்டத்தை ஏசி ரூமில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தேன். அதுவும் தப்பு. ராத்திரி முழுக்க ஏசியில் குளிர்ந்த தகரத்தில், காலையில் சன்னலைத் திறந்ததும் கடல்காற்றுப் பட்டு வியர்த்துவிட்டது, ஐஸ் தண்ணி டம்ளர் வியர்ப்பது போல. உறை அந்த ஈரத்தை வெளியே விடவில்லை. இப்போது உறை கிடையாது. முன்னால் வடிகட்டி வலை, தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டுவது, அவ்வளவுதான். படிப்பு நாளிலும் ஓட வேண்டும் என்று அம்மாவை நம்ப வைப்பதுதான் கஷ்டம்.

அப்புறம் ராம். 'பின்னால் சேர்த்துக்கலாம் பாப்பா' என்று கடையில் 16 ஜிபி ஒற்றை ராம் கொடுத்தார்கள். ஆட்டம் விக்கி விக்கி ஓடியது. இன்னொன்று வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது பள்ளத்தில் போட்ட பிறகு மாறியது. ஆனாலும் 3200 என்று போட்டிருந்த ராம் ஒரு வருடமாக 2133இல் ஓடியிருக்கிறது. ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை பயாஸில் போடவே இல்லை. யாருமே சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து, மறுபடியும்:

அண்ணே, கூசுகிறது. எல்லா கம்ப்யூட்டருமே இப்படித்தான் கூசும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 பக்கம் காட்ட வேண்டியது, 90தான் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் கிணற்றடியில் எர்த் குழியைத் தோண்டினோம். பைப்பின் தலையில் இருந்த கிளாம்ப் அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது.

இன்வெர்ட்டர் சுவிட்ச் நார்மலில்தான் இருந்தது. தள்ளிவிட்டேன். மூன்று தடவை கரண்ட் போய் வந்தது, சிஸ்டம் அசையவில்லை.

குழிக்கு இந்தத் தடவை இரும்பு வேண்டாம், செம்பு பூசிய ராடு போடலாம் என்கிறார் மாமா. விலையைக் கேட்ட அப்பா இன்னும் வாயே திறக்கவில்லை.