ஆக்‌ஷன் கேமராவில் எடுத்த டைவிங் வீடியோ ஏன் எல்லாமே பச்சையாக இருக்கிறது?

குமிழி:
போன மாதம் ஏழு டைவ். கையில் சின்ன ஆக்‌ஷன் கேமரா, 60 மீட்டர் ஆழம் தாங்கும் ஹவுசிங் (தண்ணீர் புகாத உறை), 4கே ரெக்கார்டிங். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு. 18 மீட்டரில் எடுத்தது எல்லாம் ஒரே பச்சை. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆரஞ்சாக ஜொலித்த பவளம் வீடியோவில் சிமெண்ட் நிறத்தில் நிற்கிறது. அதைவிடக் கொடுமை, கட்டைவிரல் அளவில் ஒரு நூடிபிராங்க் கிடைத்தது, அதுதான் அந்த ஓடில்லாத கடல் நத்தை. ஒரு சாண் தூரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய், அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பின்னாலிருந்த பாறை பளிச், நத்தை மங்கல். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய கேமரா வாங்கிவிடலாமா?

திருக்கை:
வாங்கிவிடுங்கள். இந்தக் கேமராக்கள் சைக்கிள் ஹேண்டிலுக்கும் ஹெல்மெட்டுக்கும் பிறந்தவை. பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் மாற்றவே முடியாது. சுமார் 30 செ.மீ.க்கு அப்பால் இருப்பதெல்லாம் தெளிவு, அதற்குள் வந்தால் மங்கல், அவ்வளவுதான். தண்ணீருக்குள் இது இன்னும் மோசம். தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் முக்கால் தூரத்தில் இருப்பதாகத்தானே தெரியும்? கேமராவுக்கும் அப்படித்தான். 30 செ.மீ. தள்ளி இருப்பதாக லென்ஸ் நினைக்கவேண்டுமானால் நத்தை நிஜத்தில் 40 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும். அவ்வளவு தள்ளி நின்றால் கட்டைவிரல் அளவு நத்தை திரையில் ஒரு புள்ளி.

உப்புத்தண்ணி:
நத்தை விஷயம் சரி. ஆனால் பச்சைக்குக் கேமராவைத் திட்டுவது அநியாயம். வெயிலில் இருக்கும் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடும். முதல் 5 மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும், 10 மீட்டரில் ஏறக்குறைய காலி. குமிழி 18 மீட்டரில் இருந்தார். பவளம் 2 மீட்டர் தள்ளி இருந்தது என்றால் வெயில் மொத்தம் 20 மீட்டர் தண்ணீரைக் கடந்து லென்ஸுக்கு வந்திருக்கிறது. பலர் இந்தக் கடைசி 2 மீட்டரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இதே இடத்தில் பெரிய சென்சார் உள்ள ஒரு ஃபுல்-ஃபிரேம் கேமராவை லைட் இல்லாமல் பிடித்தாலும் அதே சிமெண்ட்தான், என்ன, கொஞ்சம் விலை உயர்ந்த சிமெண்ட். முதலில் இரண்டு வீடியோ லைட் வாங்குங்கள் சகோ.

திருக்கை:
"அதே சிமெண்ட்தான்" என்று சொல்லிவிட்டு நகர முடியாது. நல்ல காம்பாக்ட் கேமராக்களில் அந்த ஆழத்திலேயே வெள்ளைப் பலகையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் பிடிக்கலாம், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். 10, 12 மீட்டரில் லைட்டே இல்லாமல் கண்ணுக்கு உவப்பான நிறம் வந்துவிடும். ஆக்‌ஷன் கேமராவில் பெரும்பாலும் ஆட்டோ, இல்லாவிட்டால் கரையில் எடுப்பதற்கென்று வைத்த சில கெல்வின் எண்கள் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிப்பவை). ஆட்டோவில் விட்டால் பக்கத்தில் மீன் வந்தால் ஒரு நிறம், மீன் போனால் ஒரு நிறம். ஒரே ஷாட்டுக்குள் நிறம் ஊசலாடும். எடிட்டிங்கில் அதைச் சரிக்கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

உப்புத்தண்ணி:
அண்ணே, ஒயிட் பேலன்ஸ் இல்லாத சிவப்பை உண்டாக்காது. மிச்சமிருக்கிற துளியைப் பெருக்கிக் காட்டும், கூடவே படத்தைக் கெடுக்கும் புள்ளிகளையும் பெருக்கும். 12 மீட்டரில் நீங்கள் சொல்வது நடக்கும், 25 மீட்டரில் உங்கள் காம்பாக்ட்டும் கை விரித்துவிடும். ரெட் ஃபில்டரும் இதே கதைதான். அது சிவப்பைச் சேர்ப்பதில்லை, நீலத்தையும் பச்சையையும் வெட்டுகிறது. வெயில் நன்றாக இருக்கும் நீலத் தண்ணீரில் ஏறக்குறைய 5 முதல் 15 மீட்டர் வரை அழகு. அதற்குக் கீழே இருக்கிற வெளிச்சத்தையும் தின்றுவிடும். லைட் போட்டால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, ஆமை முதல் மணல் வரை எல்லாம் செங்கல் சூளையில் எடுத்த மாதிரி வந்தது.

முத்துக்குளி:
நீங்கள் இருவரும் கேமராவையே பார்க்கிறீர்கள். "மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்" என்று குமிழி எழுதியதை யாருமே கவனிக்கவில்லையா? தம்பி, ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். பிடித்துக்கொண்டு மேலே மிதந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று விரியும், அப்புறம் வீடியோ பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. அந்த நத்தையை எடுத்த நேரத்தில் பிரஷர் கேஜை, அதாவது சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டரை, எத்தனை முறை பார்த்தாய்?

குமிழி:
உண்மையைச் சொன்னால் பார்க்கவில்லை அண்ணா. கூட வந்த துணை டைவர்தான் தட்டி நினைவூட்டினார்.

முத்துக்குளி:
அப்படியென்றால் இப்போதைக்குப் பெரிய கேமரா வேண்டவே வேண்டாம். பெரிய ஹவுசிங், இரண்டு கைப்பிடி, லைட், லைட்டைத் தாங்கும் கம்பி எல்லாம் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மிதப்பைச் சரியாக வைக்கத் தெரியவேண்டும். ஆக்‌ஷன் கேமராவின் மிகப் பெரிய நன்மையே அதை மறந்துவிட்டு டைவ் பண்ணலாம் என்பதுதான். அதையும் மறக்க முடியவில்லை என்றால் கரையில் வைத்துவிட்டுப் போ.

திருக்கை:
பாதுகாப்பில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "சின்னது, எளிது" என்பதற்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கையில் கனமில்லாத கேமரா ஒவ்வொரு அலை அசைவுக்கும் ஆடும். ஸ்டெபிலைசேஷன் சரிசெய்யும் என்பார்கள். கரையில் சரிசெய்யும். ஆழத்தில் வெளிச்சம் குறைந்து ஷட்டர் மெதுவாகிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். ஃபிரேமை மட்டும் நேராக நிறுத்தி என்ன பயன்? காட்சி நகராது, ஆனால் துடிதுடிக்கும். குமிழியின் வீடியோவில் மங்கலான நேரங்கள் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள், அதுதான் இது.

உப்புத்தண்ணி:
இதற்கு மட்டும் தலை வணங்குகிறேன். அதற்காகத்தான் சின்னக் கேமராவையும் இரண்டு கைப்பிடி உள்ள ட்ரேயில் மாட்டச் சொல்கிறேன். லைட்டையும் அப்போது ஓரமாகத் தள்ளி வைக்கலாம். லென்ஸுக்குப் பக்கத்திலேயே லைட்டை ஒட்டினால் தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாம் பனி பெய்கிற மாதிரி தெரியும்.

அப்புறம் பார்வைக் கோணம் பற்றியும் சொல்லவேண்டும். காற்றில் 120 டிகிரி பார்க்கும் லென்ஸ், தட்டைக் கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் வந்துவிட்டால் சுமார் 80 டிகிரிதான் பார்க்கும். ஆமை முழுதாக வரவில்லையே என்று பின்னால் நகர்வோம். நகர்ந்த ஒவ்வொரு அடியும் நடுவில் கூடுதல் தண்ணீர், அதாவது கூடுதல் பச்சை. நகராதீர்கள். பாதி ஆமை நல்ல நிறத்தில் இருப்பது முழு ஆமை சாம்பலாக இருப்பதைவிட மேல்.

குமிழி:
தட்டைக் கண்ணாடிதான் பிரச்சினை என்றால் ஏன் வளைந்த கண்ணாடி வைப்பதில்லை?

திருக்கை:
வைத்துப் பார்த்தார்கள். இந்த வகைக் கேமரா செய்யும் கோப்ரோ நிறுவனத்தின் ஆரம்ப ஹெச்டி ஹீரோ ஹவுசிங்கில் கண்ணாடி குமிழாகத்தான் இருந்தது. கரையில் பளிங்கு, தண்ணீருக்குள் மங்கல். குமிழ்க் கண்ணாடி தண்ணீரில் ஒரு லென்ஸாகவே மாறி, தூரத்துக் காட்சியின் பிம்பத்தைக் கண்ணாடிக்குச் சில செ.மீ. முன்னால் கொண்டுவந்து வைத்துவிடும். ஃபோகஸ் மாற்றத் தெரிந்த கேமரா அங்கே ஃபோகஸ் பண்ணிக்கொள்ளும். மாற்றத் தெரியாதது என்ன பண்ணும்? வேறு ஆட்கள் தட்டைக் கண்ணாடி செய்து விற்க ஆரம்பித்தார்கள், 2012-இல் கோப்ரோவே தட்டைக் கண்ணாடி டைவ் ஹவுசிங் கொண்டுவந்தது. ஆக, மறுபடியும் என் முதல் பதிவுக்கே வந்து நிற்கிறோம். நிறம் வேண்டுமானால் கிட்டே போ என்கிறது தண்ணீர். தெளிவு வேண்டுமானால் தள்ளி நில் என்கிறது லென்ஸ்.

உப்புத்தண்ணி:
அந்த இரண்டுக்கும் நடுவில் அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இடம் இருக்கிறதே அண்ணே! ஆமை, திருக்கை (நீங்கள் இல்லை), பாறை, கூட வரும் டைவர் எல்லாம் அதற்குள் அடங்கும்.

குமிழி:
இன்னொரு சந்தேகம். புது மாடல்கள் ஹவுசிங் இல்லாமலே 18, 20 மீட்டர் தாங்கும் என்கிறார்களே?

முத்துக்குளி:
தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், உண்மைதான். 2016-இல் கோப்ரோவின் ஹீரோ5 வந்தபோது 10 மீட்டர், டிஜேஐயின் ஓஸ்மோ ஆக்‌ஷன் 4-க்கு 18. ஆனால் அந்த எண்ணைத் தொடும் வரை டைவ் பண்ணாதே. 18 மீட்டர் டைவ் என்று இறங்கி, கண் முன்னே ஏதாவது நீந்திப்போனால் 21-க்குப் போய்விடுவோம். ஹவுசிங் போட்டுக்கொள். போட்டாலும் ஓ-ரிங்கைப் பார், மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் அது. என் ஹவுசிங் ஒன்று 3 மீட்டரிலேயே தண்ணீர் குடித்தது, காரணம் ஒரே ஒரு தலைமுடி. ஆழம் கூடக்கூட அழுத்தமே ஓ-ரிங்கை இறுக்கிவிடும், கோளாறு இருந்தால் பெரும்பாலும் மேலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதல் நிமிஷம் கேமராவின் கண்ணாடி கீழ்ப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, குமிழ் வருகிறதா என்று பார்.

குமிழி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். கேமரா வாங்கவில்லை. இரண்டு லைட்டும் ட்ரேயும் இரவல் வாங்கினேன். ஒரு கை நீளத் தூரத்தைத் தாண்டிய எதையும் எடுப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். அதே 18 மீட்டரில் பவளம் ஆரஞ்சாகவே வந்திருக்கிறது. ஓரத்தில் லைட் எட்டாத இடம் மட்டும் பழைய பச்சை. நத்தைக்கு ஒரு குளோசப் லென்ஸ் மாட்டினேன், ஒரே ஒரு தூரத்தில்தான் தெளிவாகிறது. அந்தத் தூரத்தை அளக்க ட்ரேயில் ஒரு சின்னக் குச்சி கட்டியிருக்கிறேன்.

திருக்கை:
ஃபோகஸுக்குக் குச்சி! நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முத்துக்குளி:
அந்தக் குச்சி பவளத்தில் பட்டதா?

குமிழி:
ஒரு தடவை, அண்ணா.

முத்துக்குளி:
குச்சியைக் கழற்று.