மறு: ஏலியாஸுக்கு 'மாற்றுப்பெயர்' போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கணினியில் நீளமான கட்டளைக்கு நாம் வைத்துக்கொள்ளும் சுருக்கப் பெயரான ஏலியாஸுக்கு (alias) எந்தத் தமிழ்ச் சொல் என்ற விவாதத்துக்கு என் பதில் இது.

> ஏலியாஸ் என்றால் மாற்றுப்பெயர். அகராதியிலேயே இருக்கிறது. இதற்கு மேல் என்ன விவாதம்?

அண்ணே, அகராதிப்படி சரிதான். ஆனால் தங்கசாலைக்கு மின்ட் என்பதுதான் மாற்றுப்பெயர். ஆட்டோக்காரரிடம் எதைச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். ஷெல்லில் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரலில்) வைக்கும் ஏலியாஸ் அப்படி எல்லா இடத்திலும் செல்லாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் பில் கோப்புகளை ராத்திரியில் தானாக நகலெடுக்க ஏற்பாடு செய்து கொடுத்தேன். கோப்புகளை நகலெடுக்கும் நீளமான ஆர்சிங்க் கட்டளைக்கு 'நகல்' என்று ஏலியாஸ் வைத்திருந்தேன். (பாஷ் என்ற ஷெல் தமிழ்ப் பெயரையும் ஏற்கும், முயன்று பாருங்கள்.) முனையத்தில் அடித்தேன், ஓடியது. அதே சொல்லை ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பில்) எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பதிவுக் கோப்பைத் திறந்தால், நான்கு ராத்திரியும் ஒரே வரி: 'நகல்' என்று ஒரு கட்டளை இல்லை. பாஷில் ஏலியாஸ் நாம் உட்கார்ந்து தட்டும் ஷெல்லில்தான் விரியும். ஸ்கிரிப்டுக்குள் நாமாகத் திறந்துவிட்டால் ஒழிய விரியாது.

ஏலியாஸுக்கு அக்கா சொன்ன 'குழூஉக்குறி' பொருளில் கச்சிதம். பொன்னைப் 'பறி' என்றால் பொற்கொல்லருக்குள் மட்டும் புரியும் என்று நன்னூல் உரை காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த 'ழூஉ'வைக் கைப்பேசியில் தட்டுவதற்குள் முதலாண்டு மாணவர் ஆங்கிலத்துக்கே போய்விடுவார்.

என் முன்மொழிவு: பட்டப்பெயர். காசிமேட்டில் எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வந்து உறையில் இருக்கும் பெயரைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரே 'அப்படி யாரும் இல்லையே' என்பார். 'வஞ்சிரம் வீடு' என்று கேட்டால் குழந்தைகூடக் கைகாட்டும். அதே வஞ்சிரம் ரேஷன் கடையில் போய் நின்றால் அட்டையில் இருக்கும் பெயர்தான் செல்லும். ஏலியாஸின் எல்லையும் அதுதான். மின்னஞ்சல் ஏலியாஸ் வேறு. எங்கிருந்து அனுப்பினாலும் போய்ச் சேரும். அங்கே மாற்றுப்பெயரே இருக்கட்டும்.

> அப்படியானால் ஃபங்ஷன், ஸ்கிரிப்ட்?

ஃபங்ஷனுக்குச் செயற்கூறு (பெயரிட்டுத் தொகுத்த கட்டளைகள்) பாடநூலிலேயே வந்துவிட்டது, கைவைக்க வேண்டாம். ஸ்கிரிப்டுக்குக் குறுநிரல். விளக்கக் குறிப்பில் மட்டும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். ஒரு கோப்புறையை உண்டாக்கி அதற்குள்ளேயே போய் நிற்க வேண்டும் என்று வையுங்கள். பட்டப்பெயரால் முடியாது: அது வெறும் எழுத்து மாற்றம், நாம் தரும் பெயரை வாங்கி இரண்டு இடத்தில் வைக்கத் தெரியாது, கடைசியில் ஒட்டத்தான் தெரியும். குறுநிரல் பெயரை வாங்கிக்கொள்ளும், ஆனால் தனிச் செயலாக்கத்தில் ஓடும். அது உள்ளே போய் நின்று அங்கேயே முடிந்துவிடும், நாம் இருந்த இடத்திலேயே இருப்போம். செயற்கூறு நம் ஷெல்லுக்குள்ளேயே ஓடுவதால் நம்மையும் கூட்டிக்கொண்டு போகும். சின்ன வேலை என்றாலே பட்டப்பெயர் என்று எழுதிவிடாதீர்கள். பாஷ் கையேடே பெரும்பாலான வேலைக்குச் செயற்கூறு மேல் என்கிறது.

'பட்டம்' என்றதும் பி.ஏ. நினைவுக்கு வருமே என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். வரட்டுமே, இரண்டு வரியில் தெளிந்துவிடும்.

வைத்த ஏலியாஸை நீக்கும் அன்ஏலியாஸுக்குத்தான் சொல் அகப்படவில்லை. எங்கள் தெருவில் ஒருமுறை வைத்த பட்டப்பெயரை யாரும் எடுத்ததாக நினைவில்லை.