பூட்டா, தாழா? நீக்க மறுக்கும் கோப்புக்கு ஒரு சொல்

பொருள்: கலைச்சொல் வேண்டும் – நீங்காத கோப்பு

அன்புடையீர், வணக்கம்.

வீட்டுக் கணினியில் கோப்பு நீங்க மறுத்தால் என்ன செய்வது என்ற உதவிப் பக்கத்தைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல் வழிமறிக்கிறது: பூட்டு. வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பும் "பூட்டிய கோப்பு". அனுமதி இல்லாத கோப்பும் "பூட்டிய கோப்பு". கடவுச்சொல் போட்டு மறையாக்கியதும் அதே. மெமரி கார்டின் ஓரத்துச் சிறு தள்ளுவிசை கீழே இறங்கியிருந்தாலும் "கார்டு பூட்டியிருக்கிறது".

நான்குக்கும் தீர்வு வேறு வேறு. முதலாவதற்கு அந்த நிரலை மூட வேண்டும். இரண்டாவதற்கு அனுமதியை மாற்ற வேண்டும். சொல் ஒன்றாகிவிட்டதால், திறந்திருக்கும் ஒரு கோப்புக்காக நிர்வாகிக் கணக்கில் நுழைந்து கோப்புறை முழுவதன் அனுமதிகளையும் கலைத்துவிடுகிறார்கள். கோப்பு அப்போதும் போவதில்லை.

விண்டோஸ் இவற்றைப் பிழை எண்களால் பிரித்தே வைத்திருக்கிறது: 5 என்றால் அனுமதி மறுப்பு, 19 என்றால் எழுதத் தடையுள்ள வட்டு, 32 என்றால் வேறொரு நிரலின் கையில் இருக்கிறது. எண் பிரித்ததைச் சொல் குழப்பக் கூடாது. 32க்கு மட்டும் ஒரு சொல் தேவை. "பயன்பாட்டில் உள்ள கோப்பு" பொருளால் சரி. ஆனால் அதிலிருந்து வினை பிறக்காது. 'பயன்பாடு' என்பதை மென்பொருளுக்கும் எழுதுகிறோம். என் பரிந்துரை: பிடிகோப்பு.

---

மறு: கலைச்சொல் வேண்டும் – நீங்காத கோப்பு

வணக்கம் ஐயா.

> என் பரிந்துரை: பிடிகோப்பு.

ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வல்லினம் மிகாமல் எழுதியிருக்கிறீர்கள். இலக்கணத்தில் குறையில்லை. என் தடை பொருளில்தான்.

நிரல் ஒரு கோப்பைத் திறந்ததும் இயங்குதளம் அதற்குத் தருவதைக் 'கைப்பிடி' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். கைப்பிடி இருந்தாலே கோப்பு நீங்காது என்பதில்லை. திறக்கும்போதே மற்ற நிரல்களுக்கு மூன்று இசைவுகளைத் தனித்தனியாகத் தரலாம்: படிக்கலாம், எழுதலாம், நீக்கலாம். மூன்றாவது இசைவைத் தராமல் திறந்த கோப்பை நீக்கப் போகும்போதுதான் 32 வருகிறது. ஆகவே பிடித்திருப்பது ஒன்று, விட மறுப்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவதற்கான சொல். பிடிகோப்பு என்றால் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும்.

'பற்று' என்று யாரும் சொல்லிவிடுவதற்கு முன்: கணக்கு மென்பொருளில் பற்று வரவு இருக்கிறது. வேண்டாம்.

---

மறு: மறு: கலைச்சொல் வேண்டும் – நீங்காத கோப்பு

அனைவருக்கும் வணக்கம். 'தாழ்' என்ற சொல்லைப் பாருங்கள்.

பூட்டு சாவிக்குக் கட்டுப்பட்டது. சாவி யாரிடம் இருந்தாலும் திறக்கும். தாழ் உள்ளிருந்து போடுவது. உள்ளே இருப்பவர் எழுந்து வந்தால்தான் திறக்கும். வாசலில் நிற்பவர் வீட்டுக்காரரே ஆனாலும் அவர் கையிலுள்ள சாவி பயன்படாது. 32ஆம் பிழை இதுவேதான். உங்களுக்கு முழு அனுமதியும் இருக்கிறது, கோப்பும் உங்களுடையது, ஆனால் உள்ளே ஒரு நிரல் இருக்கிறது. அனுமதி சாவியின் பக்கம், தாழ் உள்ளிருப்பவரின் பக்கம். பயனர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அடுத்து என்ன செய்வது என்பது தானே தெரியும்: உள்ளே யார் என்று கேட்க வேண்டும்.

அதற்கான படிகளை இந்தச் சொல்லை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

கோப்பைத் தாழிட்ட நிரல் எது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் தாவலிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டருக்குப் போங்கள். அதில் சிபியு தாவலில் தொடர்புடைய கைப்பிடிகள் என்ற பகுதியின் தேடல் பெட்டியில் கோப்புப் பெயரின் ஒரு துண்டை உள்ளிட்டால் நிரலின் பெயரும் எண்ணும் வரும். பவர்டாய்ஸ் (மைக்ரோசாஃப்டின் இலவசத் துணைக்கருவித் தொகுப்பு) நிறுவியிருந்தால் கோப்பின் மீது வலச்சொடுக்கி ஃபைல் லாக்ஸ்மித்தைத் தேர்ந்தாலும் போதும். அந்த நிரலில் வேலையைச் சேமித்துவிட்டு முறையாக மூடுங்கள். வலுவில் நிறுத்துவது கடைசி வழி, சேமிக்காதது போய்விடும்.

பலமுறை உள்ளே இருப்பது கோப்பு உலாவியேதான். முன்னோட்டப் பலகம் திறந்திருந்தால் தேர்ந்த கோப்பை அது படித்துக்கொண்டிருக்கும். ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தி மூடுங்கள். காணொளிக் கோப்புறைகளில் சிறுபடம் உருவாக்கும் வேலையும் தாழிடும். கோப்புறை மட்டும் நீங்காவிட்டால், கட்டளைச் சாளரம் ஏதாவது அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள், நிற்பதே தாழ்தான். மேகச் சேமிப்பின் ஒத்திசைவு, நச்சுநிரல் தடுப்பானின் சோதனை இரண்டும் சற்று நேரத்தில் தாமே விலகும்.

எதுவும் அகப்படாவிட்டால் மறுதொடக்கம். 'அணை' வேண்டாம், 'மறுதொடக்கம்' கொடுங்கள். விரைவுத் தொடக்கம் இயங்கும் கணினியில் அணைப்பது முழு அணைப்பன்று. இயங்குதளத்தின் கருவும் வன்பொருள் இயக்கிகளும் உறைநிலையில் சேமிக்கப்பட்டு அப்படியே மீளும்.

---

மறு: மறு: மறு: தாழ் – லினக்ஸ் பக்கத்திலிருந்து

தாழ் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சொல் விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் லினக்ஸ் பயனர்களைத் தவறாக வழிநடத்தும்.

லினக்சில் திறந்திருக்கும் கோப்பைத் தாராளமாக நீக்கலாம். நீங்குவது பெயர்தான். உள்ளடக்கம், கடைசியாகத் திறந்து வைத்திருக்கும் நிரல் மூடும்வரை வட்டில் இருக்கும். பெரிய பதிவுக் கோப்பை நீக்கியும் வட்டில் இடம் கூடவில்லையே என்ற கேள்விக்கு விடை இதுதான்: நிரலை மீளத் தொடங்கினால் இடம் வந்துவிடும். அங்கே கோப்புப் பூட்டு என்று வழங்குவது பெரும்பாலும் கதவில் ஒட்டிய சீட்டு போன்றது. மதிக்கும் நிரல் மதிக்கும், நீக்குவதை அது தடுக்காது. அதைத் தாழ் என்று பெயர்க்காதீர்கள். 'அறிவிப்புப் பூட்டு' என்று தனியே வையுங்கள்.

லினக்சில் நீக்கம் மறுக்கப்பட்டால் பார்க்க வேண்டியது கோப்பின் அனுமதியை அன்று, அது இருக்கும் அடைவின் (கோப்புறையின்) அனுமதியை. பெயர்ப் பட்டியல் அடைவுக்குள் இருப்பதால் அடைவில் எழுதவும் நுழையவும் அனுமதி வேண்டும். படிக்க மட்டும் என்றிருக்கும் கோப்பையும், அடைவு உங்களுடையதானால், நீக்கிவிடலாம்.

இன்னொன்று. லினக்ஸ் இரண்டு வேறு செய்திகளைத் தருகிறது. அடைவில் அனுமதி இல்லாதபோது ஒன்று. கோப்புக்கு 'மாறாப் பண்பு' (மாற்றவோ நீக்கவோ விடாத குறி) இட்டிருக்கும்போதும், பொது அடைவில் பிறர் கோப்பை நீக்க முயலும்போதும் இன்னொன்று. இரண்டையும் "அனுமதி இல்லை" என்று பெயர்த்தால், மாறாப் பண்பு இட்ட கோப்போடு நிர்வாகியும் மல்லுக்கட்டுவார், ஏனென்றால் அந்தப் பண்பை எடுக்காமல் அவராலும் நீக்க முடியாது. முதலாவது 'அனுமதி மறுப்பு', இரண்டாவது 'செயல் தடை' என்று பிரிக்கலாம்.

---

மறு: உடைமை, அனுமதி, எழுதுதடை

தாழுக்கு என் ஒப்புதல். எஞ்சிய மூன்றையும் இப்போதே முடித்துவிடுவோம்.

உரிமையாளர் என்பதைவிட உடைமையாளர் மேல். 'உரிமை' அனுமதியோடும் உரிமத்தோடும் கலந்துவிடுகிறது. பழைய கணினியிலிருந்து கழற்றி வந்த வட்டை மாட்டினால் உடைமையாளர் இடத்தில் எஸ்-1-5 என்று தொடங்கும் நீண்ட குறியீடு தெரியும்; பழைய கணினியின் பயனர் கணக்கு அது, இந்தக் கணினிக்கு அவரைத் தெரியாது. பண்புகள், பாதுகாப்பு, மேம்பட்டவை என்று போய் உடைமையாளரை மாற்றி, உட்கோப்புறைகளுக்கும் பொருந்தும்படி குறியிட வேண்டும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். உடைமை ஏற்றால் அனுமதியை மாற்றும் அதிகாரம்தான் வரும். நீக்கும் அனுமதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு படி, ஆகவே இரண்டு சொல். விண்டோஸ் கோப்புறையிலும் நிரல்கள் நிறுவப்படும் கோப்புறையிலும் இதைச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை பக்கத்தின் மேலேயே இருக்கட்டும்.

வட்டு நிலையில் வரும் தடைக்கு 'எழுத்துக்காப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். எழுத்துரு பற்றிய பேச்சு போல ஒலிக்கிறது. எழுதுகோல் போல 'எழுதுதடை' என்று வைக்கலாம். கார்டின் தள்ளுவிசையை இணைப்புத் தகடுகள் இருக்கும் முனைப் பக்கம் தள்ளினால் எழுதுதடை விலகும். விசையே இல்லாத பென் டிரைவ் திடீரென எழுதுதடைக்குப் போனால் அதன் நினைவகம் தேய்ந்திருக்கலாம். உள்ளிருப்பதை முதலில் வேறிடத்துக்குப் படியெடுங்கள். லினக்சில் பிழை கண்ட கோப்பு முறைமை தன்னைத் தானே படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. அங்கும் படியெடுத்த பிறகே சோதனை, அதுவும் வட்டை இறக்கி வைத்து (அன்மவுன்ட் செய்து).

கோப்புறைப் பண்புகளில் 'படிக்க மட்டும்' கட்டம் நிரம்பியிருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோப்புறை நீங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

---

மறு: நீளப் பெயர்

ஒரு சிறு இடைச்செருகல். பாதை என்பது கோப்புறைப் பெயர்களும் சேர்ந்த கோப்பின் முழு முகவரி. "பாதை 260 எழுத்துகளைத் தாண்டியது" என்ற மொழிபெயர்ப்பு தமிழருக்குப் பொய்யாகிறது. 'மொழி' நமக்கு இரண்டு எழுத்து; கணினிக்கு ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி என நான்கு. "260 குறியீடுகள்" என்று எழுதுங்கள். லினக்சில் கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 85 குறியீட்டோடு பெயர் முடிந்துவிடும். விண்டோசில் நீளத்தால் நீங்காத கோப்புக்கு எளிய வழி: மேலிருக்கும் கோப்புறைகளுக்கு ஒவ்வொன்றாக 'அ', 'ஆ' என்று ஓரெழுத்துப் பெயர் வைத்துவிட்டு நீக்குவது.

---

மறு: மறு: தாழ் – வினைவடிவம்

ஒரே ஒரு திருத்தம். கட்டளைப் பட்டியலில் 'தாழ் நீக்கு' என்று வைக்க வேண்டாம். நம் மென்பொருளில் 'நீக்கு' என்றால் அழிப்பது. பக்கத்திலேயே 'கோப்பை நீக்கு' இருக்கும்போது கை தவறும். தாழிடு, தாழ் திற என்ற இணை போதும். 'உள்தாழ்' என்ற நீட்டலும் வேண்டாம். புணர்த்தினால் உட்டாழ் ஆகி யாருக்கும் தேடக் கிடைக்காது.

32ஆம் பிழைக்கான வரி: "இந்தக் கோப்பை வேறொரு நிரல் தாழிட்டுள்ளது. அந்த நிரலை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். (பிழை 32)". எண்ணை விட்டுவிடாதீர்கள். நிரலின் பெயர் கிடைக்கும் இடங்களில் 'வேறொரு நிரல்' என்பதற்குப் பதில் அந்தப் பெயரே வரட்டும்.